காற்றே காவல்

நுழையும்முன்

வெயிலையும் மழையையும் தடுத்து நிறுத்துவதே கூரையின் கடமை. மழையைத் தடுப்பது எளிது. ஓட்டை இல்லாத கூரை போதும். வெயிலின் வெப்பத்தைத் தடுப்பதற்கோ தனி அறிவு வேண்டும். ஓலை வேய்ந்தவர்களும் ஓடு பதித்தவர்களும் அந்த அறிவைப் பெற்றிருந்தார்கள். தகரக்கூரையின் கீழ் வாழும் இன்றைய நகர மக்களுக்கும் அது தேவைப்படுகிறது. ஒரு மாடியறையின் வழியாக அதனை அறிவோம்.

மாடியில் ஓர் அறை

பெங்களூரு நகரில், கோரமங்களாவுக்கும் விவேக் நகருக்கும் அருகில் உள்ளது ஈஜிபுரா. அதன் குறுகிய தெருக்களில் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது ஆகிய மொழிகள் கலந்து ஒலிக்கும். வேலை தேடி வந்து இங்கே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பல. இருபது அடி அகலமும் முப்பது அடி நீளமும் கொண்ட மனையில் கீழே ஒரு வீடு, அதன்மேல் ஒரு வீடு, மொட்டைமாடியில் தகரக்கூரை போட்ட ஓர் அறை என்று கட்டடங்கள் மேல்நோக்கி வளர்ந்திருக்கும்.

அத்தகைய வீடு ஒன்றை எண்ணிப் பார்ப்போம். தருமபுரிப் பக்கத்திலிருந்து கொத்தனார் வேலைக்கு வந்தவர் அந்த வீட்டின் தலைவர். மொட்டைமாடித் தகர அறையில் சாரப் பலகைகளும் உடைந்த நாற்காலியும் பழைய பாத்திரங்களும் கிடந்தன. மூத்த மகள் பத்தாம் வகுப்புக்கு வந்தாள். கீழே இருந்த இரண்டு அறைகளில் ஐந்து பேர்; படிக்க அமைதியான இடம் இல்லை. ஆகவே மாடியறையை ஒழித்து, மின்விளக்கும் மின்விசிறியும் பொருத்தி, மேசை ஒன்றைப் போட்டுத் தந்தார் தந்தை.

மார்ச் மாதம் வரை எல்லாம் நன்றாகவே இருந்தது. அதன்பின் அறை கொதித்தது. நண்பகலில் கூரைத் தகரத்தைத் தொட முடியவில்லை. மின்விசிறி அனற்காற்றையே சுழற்றியது. வியர்வை சொட்டி நோட்டுப் புத்தகத்தின் மை கலைந்தது. "அப்பா, நான் கீழேயே படித்துக்கொள்கிறேன்" என்று மகள் புத்தகங்களை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். தவணைக்குக் குளிர்சாதனப் பெட்டி வாங்கலாமா என்று தந்தை கணக்குப் போட்டார். மாதத் தவணையும் மின்கட்டணமும் சேர்ந்து அவருடைய கையிருப்பைத் தாண்டின.

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதனால் குளிர்ந்த ஊர் என்று பெயர் பெற்றது. ஆயினும் 2016 ஏப்ரலில் இங்கே வெப்பநிலை 39.2 டிகிரி செல்சியஸைத் தொட்டது. 2024 ஏப்ரலில் 38.5 டிகிரி பதிவானது. அத்தகைய நாள்களில் தகரக்கூரை 60 டிகிரிக்கு மேலும் சூடேறக்கூடும். இந்த வெப்பத்தை முதலில் தாங்குவோர் தகரத்தின் கீழ் வாழ்பவர்களே. 2007ஆம் ஆண்டில் ஈஜிபுராவில் நலிவுற்றோருக்கான அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அதன்பின் அங்கு வாழ்ந்த குடும்பங்கள் பல, 2013 வரை தகரக் கொட்டகைகளில் காலம் கழிக்க நேர்ந்தது. கூரையின் வெப்பம் என்பது வசதியைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. உடல்நலத்தையும் உறக்கத்தையும் படிப்பையும் பற்றியது.

வெப்பம் வரும் வழிகள்

பகைவர் எந்த வாயில் வழியாக நுழைகிறார் என்று அறிந்தால்தான் கோட்டையைக் காக்க முடியும். வெப்பம் மூன்று வழிகளில் பயணம் செய்கிறது.

முதலாவது, வெப்பக் கடத்தல். சூடான கரண்டியின் மறுமுனை கையைச் சுடுவது இதனால்தான். தகரம் வெப்பத்தை மிக விரைவாகக் கடத்தும். அதன் மேற்புறம் பெற்ற சூடு அடுத்த நொடியே கீழ்ப்புறத்தை அடைந்துவிடும்.

இரண்டாவது, வெப்பச் சலனம். சூடேறிய காற்று இலேசாகி மேலே எழும்பும். குளிர்ந்த காற்று கீழே இறங்கும். கூரைக்கு அடியில் சேரும் சூடான காற்று வெளியேற வழியில்லையெனில் அங்கேயே தேங்கி நிற்கும்.

மூன்றாவது, வெப்பக் கதிர்வீச்சு. அடுப்பின் எதிரே நின்றால், இடையே உள்ள காற்று சூடாவதற்கு முன்பே நம் முகத்தில் அனல் படுகிறது அல்லவா? அதுபோலவே சூடேறிய தகரம் தலைக்கு மேலிருந்து அனலைக் கதிராக வீசுகிறது. மின்விசிறி எவ்வளவு சுழன்றாலும் இக்கதிர்களைத் தள்ளிவிட முடியாது.

காங்கிரீட் தளம் வேறு வகையானது. அது மெதுவாகச் சூடேறும், மெதுவாகவே ஆறும். பகல் முழுவதும் பருகிய வெப்பத்தை இரவில் வீட்டுக்குள் கக்கும். எனவே தகர அறை நண்பகலில் சுடும். காங்கிரீட் தளத்தின் கீழுள்ள அறை நள்ளிரவிலும் புழுங்கும்.

கடல் கடந்த பனிக்கட்டி

சென்னைத் திருவல்லிக்கேணியில், கடற்கரைச் சாலையில் வட்ட வடிவ முகப்புடைய பழைய கட்டடம் ஒன்று நிற்கிறது. 1897இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கியதால் இன்று அது விவேகானந்தர் இல்லம் எனப்படுகிறது. அதன் பழைய பெயர் 'ஐஸ் ஹவுஸ்'. 1842இல் பனிக்கட்டியைச் சேமித்து வைக்கவே அது கட்டப்பட்டது.

குளிர்பதனப் பெட்டிகள் இல்லாத காலம் அது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் பிரடெரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து பனிக்கட்டிகளை அறுத்தெடுத்துக் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பினார். 1833இல் கல்கத்தாவுக்கு வந்த முதற்கப்பலில் ஏற்றப்பட்டது 180 டன். நான்கு மாதங்கள் வெப்பமண்டலக் கடல்களைக் கடந்து வந்த பின்னும் ஏறத்தாழ 100 டன் கரையாமல் எஞ்சியது. பிற்காலத்தில் சென்னையும் இவ்வாறே பனிக்கட்டியைப் பெற்றது.

இதை இயலச் செய்தது எந்த எந்திரமும் அன்று. மரத்தூளும் வைக்கோலும் போன்ற எளிய பொருள்கள். அவற்றின் துகள்களுக்கிடையே காற்று சிறைப்பட்டிருந்தது. அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். பனிக்கட்டியை மரத்தூள் குளிர்விக்கவில்லை. வெளியிலிருந்து வந்த வெப்பத்தைக் காலம் தாழ்த்தியது.

வெப்பக்காப்பு என்பதன் பொருள் இதுவே. அது குளிர்ச்சியை உண்டாக்காது. வெப்பத்தின் நடையைத் தளர்த்தும். கம்பளி ஆடை நம்மைச் சூடாக்குவதில்லை. உடலின் சூட்டை வெளியேற விடாமல் காக்கிறது. இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளில் கூரைக்கு அடியிலுள்ள பரணில் 270 மில்லிமீட்டர் கனத்துக்குக் கண்ணாடி இழைக் கம்பளியை விரிக்கப் பரிந்துரைக்கின்றனர். அங்கே வீட்டின் சூடு வெளியேறக் கூடாது. இங்கே வெயிலின் சூடு உள்ளே வரக் கூடாது. திசை வேறு, தத்துவம் ஒன்றே.

பாட்டி சொன்ன பரண்

அந்த ஈஜிபுரா வீட்டில் தந்தையின் தாயாரும் இருந்தார். பேத்தி மாடியைவிட்டு இறங்கி வந்ததைக் கண்ட அவர், "கண்ணு, நம் ஊர் வீட்டில் மின்விசிறியே இல்லை. ஆனால் நடுப்பகலில் திண்ணையைவிட உள்ளறைதான் குளிர்ச்சி. ஓலைக்கூரையின் கனம் ஒரு முழம் இருக்கும். அதற்குக் கீழே பரண். பரணில் விறகும் வெங்காயமும் கிடக்கும். அதற்கும் கீழேதான் நாங்கள் இருந்தோம்" என்றார்.

பாட்டியின் பேச்சில் பெரிய உண்மை அடங்கியிருந்தது. அடுக்கடுக்காக வேய்ந்த ஓலைகளுக்கிடையே காற்று அடைபட்டிருந்தது. ஓலைக்கும் அறைக்கும் நடுவே பரண் என்னும் வெற்றிடம் மற்றொரு காப்பாக நின்றது. நாட்டு ஓடு வேய்ந்த வீடுகளிலும் ஓடுகளை அடுக்கி இரண்டு வரிசையாகப் பரப்புவதுண்டு. சென்னையின் பழைய கட்டடங்களில், தேக்கு மரச் சட்டங்களின்மேல் செங்கற்களை நெட்டுக்குத்தாக அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தும் செங்கல் சல்லியும் இட்டு, அதன்மேல் தட்டோடு பதித்தார்கள். கனமும் நுண்துளைகளும் கொண்ட அந்தத் தளம் 'மெட்ராஸ் டெரஸ்' எனப் புகழ்பெற்றது.

தந்தை சற்று நேரம் பேசாமல் இருந்தார். மாடியறை பழம்பொருள் அறையாக இருந்தவரை அது கீழ்வீட்டுக்குப் பரணாக இருந்து வெப்பத்தைத் தாங்கியது. இப்போது அந்தப் பரணுக்குள்ளேயே மகளைக் குடியமர்த்திவிட்டார். காவலாக இருந்த இடம் வாழும் இடமாக மாறும்போது, வேறொரு காவலை அமைக்க வேண்டும். அதை அவர் அமைக்கவில்லை.

காப்பை அமைக்கும் முறை

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வேலை தொடங்கியது. அதற்கு ஒரு வரிசை உண்டு. வெளியிலிருந்து உள்நோக்கி வருவதே முறை.

முதற்படி, வெயிலைத் திருப்பி அனுப்புதல். வெண்மை நிறம் வெயிலின் பெரும்பகுதியை எதிரொளிக்கும். கருமையும் துருவும் உட்கொள்ளும். தகரத்தின் துருவைத் தேய்த்து நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, அதன்மேல் வெள்ளை எதிரொளிப்புப் பூச்சு இருமுறை பூசப்பட்டது. காங்கிரீட் தளமாக இருந்தால் வெண்சுண்ணாம்பே போதும். தூசி படிந்து மங்குமாதலால் ஆண்டுதோறும் கோடைக்கு முன் மீண்டும் அடிக்க வேண்டும். அகமதாபாத் நகரில் வெப்பத்தைச் சமாளிக்க 2013இல் தனித் திட்டம் வகுக்கப்பட்டது. பின்னர் எளியோர் வீடுகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசும் பணியும் அங்கே நடந்தது. தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது.

இரண்டாம் படி, காற்றோட்ட இடைவெளி. தகரத்துக்குக் கீழே ஒரு சாண் அளவு இடைவெளி விட்டு உட்கூரைக்குரிய சட்டங்கள் பொருத்தப்பட்டன. அந்த இடைவெளியின் தாழ்ந்த பக்கத்திலும் உயர்ந்த பக்கத்திலும் திறப்புகள் வைத்துக் கொசுவலை அடிக்கப்பட்டது. தாழ்வான திறப்பு வழியே காற்று நுழையும். சூடேறியது உயர்ந்த திறப்பு வழியே வெளியேறும்.

மூன்றாம் படி, காப்புப் பொருள். சட்டங்களுக்கு மேலே 50 மில்லிமீட்டர் கனமுள்ள பாறைக் கம்பளி விரிக்கப்பட்டது. இது உருக்கிய பாறையை நூலாக இழுத்துச் செய்யப்படுவது, தீப்பற்றாது. அதன்மேல் அலுமினியத் தாள் ஒன்று, பளபளப்பான பக்கம் தகரத்தை நோக்குமாறு பரப்பப்பட்டது. தகரத்திலிருந்து வரும் அனற்கதிர்களை அது எதிரொளிக்கும். தாளுக்கு எதிரே காற்றிடைவெளி இருந்தால்தான் இப்பயன் கிட்டும். தகரத்தோடு ஒட்டிவிட்டால் அலுமினியமும் வெப்பத்தைக் கடத்தும் உலோகமே ஆகிவிடும்.

நான்காம் படி, உட்கூரை. கீழிருந்து பார்க்கும்போது கம்பளி தெரியாதவாறு பலகைகள் அடைக்கப்பட்டன. ஓரங்களில் இருந்த சந்துகள் பூசப்பட்டன. மேற்குச் சன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி ஒன்று தொங்கவிடப்பட்டது.

செய்யத் தகாதவை

கூரை வேலையில் அவசரம் ஆகாது. பழைய அட்டைக்கூரைகளில் கல்நார் கலந்திருக்கலாம். அதை அறுத்தாலும் துளையிட்டாலும் உடைத்தாலும் நுண்ணிய இழைகள் பறக்கும். அவை நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுசெல்லும். அத்தகைய கூரையைத் தாமாகத் தொடாமல் தக்க பயிற்சி பெற்றோரிடம் விட வேண்டும்.

தெர்மாகோல் விலை குறைந்தது. நல்ல வெப்பக்காப்பும் ஆகும். ஆனால் எளிதில் தீப்பற்றி நச்சுப்புகை விடும். சமையல் நடக்கும் இடத்திலும் மின்கம்பிகளின் அருகிலும் அதைத் திறந்தவாறு ஒட்டுவது ஆபத்து. பாறைக் கம்பளியைக் கையாள்வோர் கையுறையும் முகக்கவசமும் அணிய வேண்டும். இழைகள் தோலில் அரிப்பை உண்டாக்கும். கூரை ஒழுகினால் முதலில் அதை அடைக்க வேண்டும். நனைந்த கம்பளியில் காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொள்ளும். நீர் அசையாத காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும்.

மீண்டும் மாடியில்

வேலை முடிந்த மறுநாள் நண்பகலில் மகள் மாடியேறினாள். அறை குளிர்ந்துவிடவில்லை, வெளியே இருந்த வெயில் காலத்துக் காற்றே உள்ளேயும் இருந்தது. ஆனால் தலைக்கு மேலிருந்து அனல் வீசவில்லை. மின்விசிறியின் காற்று வியர்வையை உலர்த்தியது. அவள் மேசையில் அமர்ந்து கணக்குப் புத்தகத்தைத் திறந்தாள்.

மாலையில் பாட்டி மெல்லப் படியேறி வந்தார். உட்கூரையை அண்ணாந்து பார்த்து, "மறுபடியும் பரண் கட்டிவிட்டாயா?" என்று மகனிடம் கேட்டார். "ஆமாம் அம்மா, ஏறமுடியாத பரண்" என்றார் அவர்.

டிசம்பரில் ஈஜிபுராவின் இரவுகள் குளிரும். அப்போது அதே கம்பளி அறையின் சூட்டைக் காக்கும். வீசும் காற்று இதம் தரும். வீசாத காற்று காவல் காக்கும். இரண்டையும் அறிந்து வீட்டில் இடம் கொடுப்பவரே நல்ல கட்டடக் கலைஞர்.

தெரிந்து தெளிவோம்

ஒரு பொருளின் கனத்தை (மீட்டரில்) அதன் வெப்பங்கடத்தும் திறனால் வகுத்தால் அதன் வெப்பத்தடை கிடைக்கும். பாறைக் கம்பளியின் வெப்பங்கடத்தும் திறன் ஏறத்தாழ 0.04, காங்கிரீட்டினுடையது ஏறத்தாழ 1.5.
50 மி.மீ. பாறைக் கம்பளி: 0.05 ÷ 0.04 = 1.25
100 மி.மீ. காங்கிரீட்: 0.10 ÷ 1.5 = 0.07 (ஏறத்தாழ)
1.25 என்னும் தடையைக் காங்கிரீட்டால் பெற வேண்டுமெனில் 1.25 × 1.5 = 1.875 மீட்டர் கனம் வேண்டும். ஆறு அடிக் காங்கிரீட் செய்யும் வேலையை இரண்டு அங்குலக் கம்பளி செய்துவிடுகிறது.

சொல்லும் பொருளும்

பரண் – கூரைக்கு அடியில் பொருள்களை வைக்கும் மேடை
வேய்தல் – ஓலை, ஓடு முதலியவற்றால் கூரையை மூடுதல்
சாரம் – கட்டட வேலைக்காக நின்று பணிசெய்யக் கட்டும் அமைப்பு
தட்டோடு – மேல்தளத்தில் பதிக்கும் தட்டையான ஓடு
கல்நார் – இழைகளாகப் பிரியும் ஒருவகைக் கனிமம்
எஞ்சியது – மீதமானது

இலக்கணக் குறிப்பு

வெயிலையும் மழையையும் – எண்ணும்மை
வெண்சுண்ணாம்பு – பண்புத்தொகை
வீசும் காற்று – பெயரெச்சம்
வீசாத காற்று – எதிர்மறைப் பெயரெச்சம்
ஓலை வேய்ந்தவர் – இரண்டாம் வேற்றுமை உருபு மறைந்து வந்துள்ளது

மதிப்பீடு

சரியான விடையைத் தேர்ந்தெடுக்க.
1. பனிக்கட்டியை மரத்தூள் காத்தது ஏனெனில், அதில்
அ) குளிர்ச்சி இருந்தது  ஆ) அடைபட்ட காற்று இருந்தது  இ) நீர் இருந்தது  ஈ) உப்பு இருந்தது
2. சூடான தகரத்திலிருந்து தலைமேல் அனல் படுவது
அ) கடத்தல்  ஆ) சலனம்  இ) கதிர்வீச்சு  ஈ) ஆவியாதல்

குறுவினா
1. தகர அறைக்கும் காங்கிரீட் தளத்தின் கீழுள்ள அறைக்கும் வெப்பத்தில் உள்ள வேறுபாடு யாது?
2. அலுமினியத் தாளுக்கு எதிரே இடைவெளி ஏன் தேவை?
3. "ஏறமுடியாத பரண்" என்று தந்தை எதைக் குறிப்பிட்டார்?

சிறுவினா
1. கூரை ஒழுகினால் வெப்பக்காப்பு பயனற்றுப் போவது எவ்வாறு?
2. பாட்டியின் ஊர் வீட்டுக் கூரை வெப்பத்தைத் தடுத்த முறையை விளக்குக.

நெடுவினா
"காவலாக இருந்த இடம் வாழும் இடமாக மாறும்போது, வேறொரு காவலை அமைக்க வேண்டும்." இக்கூற்றைப் பாடக் கருத்துகளைக் கொண்டு விளக்குக.

கற்பவை கற்றபின்
1. உங்கள் தாத்தா, பாட்டியிடம் அவர்கள் வாழ்ந்த வீட்டின் கூரை எதனால் ஆனது என்று கேட்டறிந்து, கூரையின் உறுப்புகளுக்கு அவர்கள் வழங்கும் பெயர்களைத் தமிழில் தொகுத்து எழுதுக.
2. ஒரே அளவுள்ள இரண்டு கிண்ணங்களில் பனிக்கட்டித் துண்டுகளை இடுக. ஒரு கிண்ணத்தை மட்டும் பருத்தித் துணியால் பல சுற்றுச் சுற்றி வைக்க. எது முதலில் உருகுகிறது என்று கண்டு, அதன் காரணத்தை ஐந்து வரிகளில் எழுதுக.